எனக்கு எதிராக நான் எழுதிய கட்டுரை

என் வயதுக்காரர்களே, என்னைப் பற்றி உங்களுக்குள் ஒரு முறைப்பாடு இருப்பது எனக்குத் தெரியும். ஒருவர் ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்குள் "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிடுகிறேன். கலியாண வீட்டில் கேட்டிருக்கிறேன். மையித்து கிடந்த மரண வீட்டில் கேட்டு, பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் கிள்ளியும் இருக்கிறார். இந்த வயதிலும் அது அடங்கவில்லை. அந்தக் கேள்வி என்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட ஒரு மாரிகாலத்தைத்தான் எழுதப் போகிறேன். எனக்கு ஆறுதலாக, நின்று நிதானித்து எழுத வராது, ஓடி ஓடித்தான் எழுதுவேன். கூடவே வாருங்கள்.

எட்டாம் வகுப்பு. ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூடம். ஆண் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், பெண் பிள்ளை நான் ஒருத்தி. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். பிறகு ஒவ்வொருத்தியாகப் பெரிய பிள்ளையாகி வீட்டோடு நின்றுவிட்டார்கள். உங்களில் சிலர் அந்த ஒன்பதில் இருந்தவர்கள். இன்னும் சிலர் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

தட்டி என்றது ஓலைத் தட்டி. சுவரோரம் எனக்கென்று உட்கார ஒரு வாங்கு, அதற்கும் பையன்களுக்கும் நடுவில் ஆளுயரத் தட்டி. கரும்பலகையின் மேல் பாதிதான் எனக்குத் தெரியும். கீழ்ப் பாதியில் வாத்தியார் என்ன எழுதுகிறார் என்பதை அவருடைய குரலை வைத்து ஊகித்துக்கொள்வேன். மழையில் ஓலை நனைந்து, ஊறிய புண்ணாக்கு மாதிரி ஒரு மணம் எழும்பும். அந்தப் பக்கம் திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது. தெரியாமலே நானும் ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பேன். பிறகு வெட்கமாக இருக்கும், பார்க்க ஒருவரும் இல்லாவிட்டாலும்.

வீட்டிலும் அதே நிலைமைதான். உம்மா மௌத்தாகி இரண்டு வருஷம். வாப்பாவும் நானும் மட்டும். உம்மாவின் தங்கை, என் சாச்சி, அடுத்த வளவில் இருந்தார். வேலிக் கடப்பால் வருவார், கறி கொஞ்சம் தருவார், போய்விடுவார். வாப்பாவுக்கும் எனக்கும் நடுவில் கதை கொண்டுபோய்க் கதை கொண்டுவந்தவர் உம்மா. அவர் போனபின் ஒருவரோடு ஒருவர் எப்படிக் கதைப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. விறாந்தையில் கிடந்த மேசைதான் எங்களுக்காகக் கதைத்தது. பேனா முள் தேய்ந்துவிட்டால் அதை மேசையில் வைப்பேன். மறுநாள் புது முள் இருக்கும். வாப்பாவின் சாரன் கிழிந்தால் அவர் அதே இடத்தில் மடித்து வைப்பார். தைத்து அங்கேயே வைத்துவிடுவேன். தேத்தண்ணியும் அப்படித்தான். கோப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்த பிறகுதான் அவர் எடுத்துக் குடிக்கும் சத்தம் கேட்கும்.

வாப்பா பெட்டிசம், அதாவது மனு, எழுதுபவர். கல்முனைக் கோர்ட்டுக்கு முன்னால், வாகை மரத்தின் கீழ் ஒரு குட்டை மேசை, ஒரு குடை, ஒரு மைக்கூடு. வாய்க்காலில் தண்ணீர் விடாதவரைப் பற்றியும், கடற்கரைக் காணியை அடைத்துக்கொண்டவரைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதுவிக்க ஆட்கள் வருவார்கள். வந்தவர்கள் பாதி சொல்லுவார்கள், பிறகு சொல்ல ஏலாமல் மேசையைப் பார்ப்பார்கள். மிச்சப் பாதியை வாப்பா விளங்கிக்கொண்டு எழுதுவார். ஊரில் அதற்கு அவருக்கு நல்ல பெயர்.

இனித் தமிழ் வாத்தியார். காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார். பயிற்சி முடித்து நேரே வந்தவர், என்னைப் போலவே எல்லாவற்றிலும் அவசரம். அந்த வருஷம் அவர் எங்களுக்கு வாதக் கட்டுரை பழக்கினார். கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். அதில் எவரோ ஒருவர், பாலம் வேண்டும் என்றோ பஸ் வேண்டாம் என்றோ எழுதியிருப்பார். அந்த ஆள் என்ன சொல்கிறார், ஏன் என்கிறார், அதற்கு ஆதாரம் என்ன, எதிராளி என்ன கேட்பான், அதற்கு இவரிடம் பதில் உண்டா என்று தேடவேண்டும். பிறகு பத்துக்கு எத்தனை புள்ளி என்று போடவேண்டும். எனக்குப் பிடித்ததா இல்லையா என்பதை வெளியே செருப்போடு விட்டுவிட்டு வரவேண்டும் என்று சொன்னார். வாதம் நல்லதாக இருக்கலாம், ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லாமல் இருக்கலாம். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தட்டிக்குப் பின்னால் இருந்தபடியே முழு உலகத்தையும் நிறுத்துப் பார்க்கத் தராசு கிடைத்த மாதிரி.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாப்பா பிழையாக எழுதிக் கழித்த பெட்டிசத் தாள்களை வெட்டித் தைத்து உள்ளங்கையளவில் ஒரு கொப்பி செய்தேன். அகப்பட்டவர்களுக்கெல்லாம் புள்ளி போட்டேன். மீன்காரருக்கு இரண்டு: மீன் குறைவான நாளில் மீன் இல்லாததால் விலை கூட என்றார், மீன் நிறைந்த நாளில் மீன் நல்லதாக இருப்பதால் விலை கூட என்றார். சாச்சிக்கு நாலு: பொழுதுபடும் மஃரிபு நேரத்தில் தலை சீவக்கூடாது என்பதற்குக் காரணம் கேட்டால், சீவக்கூடாதென்பதால்தான் சீவக்கூடாது என்பார். ஆனாலும் மூன்று பேரின் அனுபவத்தைச் சாட்சி சொன்னார், அதற்கு இரண்டு புள்ளி. பள்ளிவாசலில் நடக்கும் வெள்ளிக்கிழமை பயானுக்கும் போட்டேன். அதை எழுதவில்லை, மனதில் மட்டும். அந்தக் கொப்பி எங்கே தொலைந்ததென்று இன்றுவரை தெரியாது. அதைக் காட்டிச் சிரிக்க ஓர் ஆள் கிடைத்திருந்தால் தொலைத்திருக்க மாட்டேன்.

அந்த நாட்களில் ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். உம்மாவின் மூத்த சகோதரர், எங்கள் தாய்வழிக் குடிக்குப் பெரியவர், அவர் சொல்லுக்குப் பள்ளிவாசலிலும் இடம் உண்டு. சாப்பிட்டுக் கை கழுவியதும் தொடங்குவார். என்னை வீட்டோடு நிறுத்தவேண்டும். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்பேன், பென்சிலோடு. ஊர் என்ன சொல்லும் என்பார். கடிதம் வாசிக்கத் தெரிந்தால் காணும் என்பார். ஒரு பொடிச்சி இருபத்திரண்டு பொடியன்களோடு இருந்து என்னத்தைப் படித்துக் கிழிக்கப் போகிறாள் என்பார். ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. மூன்று புள்ளி.

வாப்பா கேட்டுக்கொண்டு இருப்பார். கடைசியில் ஒரே வார்த்தை.

"பாப்பம், மச்சான்."

அடுத்த வெள்ளியும் அதுதான். அதற்கடுத்த வெள்ளியும் அதுதான். எனக்கு அழுகையே வந்தது. ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் நியாயம் எழுதுகிறவர், தன் மகளுக்கென்று ஒரு நியாயம் சொல்ல மாட்டேன் என்கிறாரே. வாப்பாவுக்குப் பூச்சியம் போட்டேன். பென்சில் முனை தாளில் குத்தியது.

பள்ளிக்கூடத் தவணை முடிய மூன்று கிழமை இருக்கும்போது வாத்தியார் பெரிய கட்டுரை ஒன்று தந்தார். 'எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்த வேண்டும். ஆதரித்தோ எதிர்த்தோ எழுதுக.' தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் ஒரு விதியும் போட்டார்: ஒவ்வொருவரும் தான் நம்பாத பக்கத்தைத்தான் எழுதவேண்டும், தனக்கு நன்றாகத் தெரிந்த ஆதாரத்தைத்தான் காட்டவேண்டும்.

ஆக, எனக்கு எதிராக நான் எழுதவேண்டும்.

மாமாவின் காரணங்களை எடுத்தால் மூன்று புள்ளிதான் வரும். எனக்கோ ஆகக் கூடிய புள்ளி வேண்டும். அதனால் மாமாவுக்குத் தெரியாத காரணங்களைத் தேடினேன். தேடவேண்டியே இருக்கவில்லை, எல்லாம் எனக்குள்ளேயே கிடந்தன. 'நான்' என்று தொடங்கினேன். நான் தட்டிக்குப் பின்னால் இருக்கிறேன். காலையில் இருந்து பள்ளிக்கூடம் விடும்வரை என்னோடு ஒருவரும் ஒரு வார்த்தை கதைப்பதில்லை. விளங்காததை யாரிடமும் கேட்க முடியாது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு ஆறிக் கிடக்கிறது. என் தகப்பனார் பழஞ்சோறு தின்றுவிட்டு வெயிலில் எழுதப் போகிறார், வந்தும் பழஞ்சோறுதான் தின்கிறார். உம்மா இருந்தால் இப்படி நடக்குமா? இந்தப் படிப்பு என்னை எங்கே கொண்டுபோகும் என்று எனக்கே தெரியாதபோது, அவரைத் தனியே விட்டு நான் அந்த வாங்கில் இருப்பது எந்த நியாயம்? எதிராளிக்கும் பதில் வைத்தேன்: வாசிக்க ஆசையென்றால் வீட்டிலும் வாசிக்கலாம், எழுத்துக்கு மதில் கிடையாது.

எழுதி முடித்ததும் அதை மூன்று தரம் வாசித்தேன். துக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஓட்டை இல்லாத ஒரு பானையை வனைந்துவிட்ட மாதிரி.

இருபதுக்குப் பத்தொன்பது. வாத்தியார் பெயரைச் சொல்லாமல் அதை வகுப்பில் உரத்து வாசித்தார்.  முடிந்ததும் எவனோ ஒருவன் மேசையில் தட்டினான், மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அத்தனை நாளில் அந்தப் பக்கத்திலிருந்து எனக்காக வந்த சத்தம் அது ஒன்றுதான். அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? தட்டியைப் பார்த்தபடி இருந்தேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கட்டுரைக் கொப்பியை அந்தப் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தேன். என் நோக்கம் இதுதான்: வாப்பா பத்தொன்பதைப் பார்க்கவேண்டும். இப்படிப் புள்ளி எடுக்கிறவளை நிறுத்தக்கூடாது என்று மாமாவிடம் சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கவேண்டும்.

மறுநாள் காலை, மழை. வாப்பா மேசையில் இருந்தார். கொப்பி அவர் முன்னால் கிடந்தது. தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பிய என்னை நிறுத்தினார்.

"வாசிச்சன், மகள்."

"ஓம் வாப்பா."

"இதுல எழுதினதெல்லாம் உண்மதானா?"

பெட்டிசம் எழுதுவிக்க வருவோர் எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்விதான் அது. பொய் இருந்தால் விசாரணையில் பிடிபடும். என் ஆதாரங்களைச் சோதிக்கிறார் என்று எனக்குப் பெருமை.

"ஓம் வாப்பா. ஒண்டும் பொய் இல்ல."

"அங்க ஒராளும் உன்னோட கதைக்கிறல்லியா?"

"இல்ல வாப்பா."

கண்ணாடியைக் கழற்றிச் சாரன் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு நாளும் எனக்கு விளங்கல்ல, மனே," என்றார்.

உம்மா மௌத்தான பிறகு வாப்பாவும் நானும் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றுதான். அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டு மழையில் குடையை மறந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமா சாப்பிட்டார், கை கழுவினார். தொடங்குவதற்குள் வாப்பா முந்திக்கொண்டார். "இந்தத் தவணையோட புள்ளய நிப்பாட்டுறன், மச்சான்."

மாமாவுக்கே அதிசயமாகப் போய்விட்டது. இப்படி எத்தனை கிழமை நான் நியாயம் சொன்னேன், கடைசியில் எந்த நியாயம் உனக்குப் பட்டது என்று சிரித்தபடி கேட்டார்.

வாப்பா சிரிக்கவில்லை. "உங்கட நியாயம் இல்ல. அவள்ட நியாயம்."

குசினியில் சோற்றுப் பானை பொங்கி அடுப்பில் வழிந்தது. மூடியை எடுக்கவேண்டும் என்று தெரிந்தும் எடுக்காமல் நின்றேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு சாச்சி கடப்பால் வந்தார். வெசளம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, வாப்பாவே சொல்லியிருக்கிறார். கட்டுரை என்று வாப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாயால் சொல்ல ஏலாத ஆட்கள்தானே என்னிடம் எழுதுவிக்க வருகிறார்கள், என் பிள்ளை தானே எழுதி மேசையில் விரித்து வைத்திருக்கிறாள், இதை விளங்காவிட்டால் நான் என்ன பெட்டிசக்காரன் என்று சாச்சியிடம் கேட்டாராம்.

எனக்குப் படிப்பை நிறுத்த விருப்பம் இல்லை என்றேன். சாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானேகா எழுதின?"

"அது வாத்தியார் எழுதச் சொன்ன, சாச்சி."

"வாத்தியார் சொன்னாப் பொய் எழுதுவியா?"

"பொய் இல்ல."

"மறுகா என்ன?"

பிறகு என்ன என்கிறார். ஆதாரங்கள் உண்மை, முடிவு மட்டும் என்னுடையதில்லை என்பதை எப்படிச் சொல்வது? வாதம் நல்லது, ஆனால் நான் அந்தப் பக்கம் இல்லை. சொல்லிப் பார்த்தேன். சாச்சி பாவம், என் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: வாப்பா மாமாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார், இனிச் சொல்லை மாற்றிக் கிறுகினால் குடிக்குள் அவர் பேச்சுக்கு என்ன மதிப்பு?

வாப்பாவிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். அன்றைய வீடுகளில் தகப்பனின் முகத்தைப் பார்த்து 'எனக்கு வேண்டாம்' என்று சொன்ன மகள் ஒருத்தியைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சனிக்கிழமை முழுக்க இருந்து, என் கட்டுரைக்கு நானே மறுப்பு எழுதினேன். எத்தனை தாள் கிழித்தேன் என்று கணக்கில்லை. ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. தட்டி உண்மை. ஆறிய அடுப்பு உண்மை. வாப்பாவின் பழஞ்சோறு உண்மை. என் பக்கம் இருந்தது ஆசை மட்டும். ஆசையை ஆதாரமாக வைக்க முடியாது என்று படித்தவள் நான். 'நான்' என்று எழுதவும் துணிவு வரவில்லை. முதல் தாளில் அந்தச் சொல்தானே என்னைக் காட்டிக்கொடுத்தது. அதனால் 'ஒரு பெண் பிள்ளை' என்று எழுதினேன். ஒரு பெண் பிள்ளை தனிமையையும் பொறுத்துக்கொண்டு படிக்க விரும்பலாம். ஒரு பெண் பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறு கூட்டாளி இல்லாமலும் இருக்கலாம். தலைப்புப் போட்டு, அடிக்கோடு இழுத்து, வாத்தியார் பழக்கிய ஒழுங்கிலேயே எழுதி மேசையில் வைத்தேன்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். வாப்பா மௌத்தாகி, நானும் சாச்சியும் அவருடைய மரப்பெட்டியைத் திறந்த நாளில் அனுப்பாத ஒரு கடித நகல் கிடைத்தது. மட்டக்களப்பில் பெண் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைவிக்கு எழுதியது. அந்த மாரிக்கு முந்தியே எழுதத் தொடங்கி, மூன்று நான்கு தரம் திருத்தியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புக்குத் தன் மகளுக்கு ஓர் இடம் கேட்டு. அதில் ஒரு வரி: 'தாயில்லாப் பிள்ளை என்று தாங்கள் தயங்க வேண்டியதில்லை, வீட்டை நானே பார்த்துக்கொள்வேன்.' வெள்ளிக்கு வெள்ளி 'பாப்பம், மச்சான்' என்று அவர் சொன்னது, பதில் இல்லாததால் இல்லை. அந்தக் கடிதம் போய்ச் சேரும்வரை மாமாவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் ஒரே இருப்பில் எழுதி முடிக்கிறவர், தனக்கென்று எழுதும்போது திருத்தித் திருத்தி நாளைக் கடத்தியிருக்கிறார். அதற்குள் என் கட்டுரை முந்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாப்பா அந்த இரண்டாவது தாளை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, துணிந்து விறாந்தையிலேயே நின்றேன். பெட்டிச நகலை வாசிப்பதுபோல் உதடு அசைய, ஒவ்வொரு வரியாக வாசித்தார். 

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாத ஒரு லேசான சிரிப்பு.

"வாத்தியார் மத்தப் பக்கத்தையும் எழுதச் சொன்னாராக்கும்?"

 அவர் தாளை இன்னொரு தரம் மேலோட்டமாகப் பார்த்தார். இப்போது என்னோடு கதைக்கத் தனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அவருக்கு. அது முகத்திலேயே தெரிந்தது. விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"முதல் எழுதினதுதான் திறம், மகள். இதுல ஆதாரம் காணாது."

சரியான மதிப்பீடு. நான் திருத்தியிருந்தாலும் அந்தத் தாளுக்கு நாலுக்கு மேல் போட்டிருக்க மாட்டேன். இன்றைக்கும் போடமாட்டேன்.

"ஓம் வாப்பா," என்றேன். "முதல் எழுதினதுதான் திறம்."

அவர் தாளை நாலாக மடித்து என் கையில் தந்தார். தேத்தண்ணி ஆறிவிட்டதா என்று கோப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. சூடாக்கிக்கொண்டு வருவதற்காக உள்ளே எடுத்துப் போனேன்.